அலைத்தகடா, மெட்டாசர்ஃபேஸா: ஒளியின் தளவிளைவை எதைக் கொண்டு மாற்றுவது?

"சார், ஒரு மெட்டாசர்ஃபேஸ் செய்யணும்" என்று ஆய்வு மாணவி ஒருவர் வந்து நின்றார். மெட்டாசர்ஃபேஸ் என்றால் நுண்தூண்கள் நிறைந்த, ஒளியை மாற்றும் மெல்லிய தகடு. கையில் அச்செடுத்த கட்டுரைகள் ஒரு கட்டு. எதற்கு என்று கேட்டேன். 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரின் நேர்கோட்டுத் தளவிளைவை (ஒளி ஒரே கோட்டில் அதிர்வதை) வட்டத் தளவிளைவாக (அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே போவதாக) மாற்ற வேண்டுமாம். நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "கற்றையின் குறுக்கே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மாறினால் போதுமா, இல்லை இடத்துக்கு இடம் வேறு வேறாக மாறணுமா?" ஒரே மாதிரிதான் என்றார். அப்படியானால் கால் அலைத்தகடு என்ற படிகத் தகடு ஒன்று வாங்கி மாட்டினால் அன்று மாலையே வேலை முடிந்துவிடும். அவருக்கு முகம் வாடிவிட்டது. புதிய பொருளைத் தொட வேண்டும் என்ற ஆசை எனக்கும் அந்த வயதில் இருந்ததுதான்.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது அதிகம். அதனால் எது எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று நான் நினைப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

முதலில் அடிப்படை. ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதுதான் தளவிளைவு; ஆய்வகத்தில் எல்லோரும் போலரைசேஷன் என்பார்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போன் திரையைப் பார்த்தபடி தலையைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும் இல்லையா, அதே சங்கதி. இந்த அதிர்வை இரண்டு செங்குத்துக் கூறுகளாகப் பிரித்து, ஒன்றை மற்றதைவிடக் கால் அலை தாமதப்படுத்தினால் நேர்கோடு வட்டமாகும் (உள்ளே வரும் அதிர்வு இரண்டு அச்சுக்கும் நடுவே 45 பாகையில் இருக்க வேண்டும்). அரை அலை தாமதப்படுத்தினால் நேர்கோடு வேறு திசைக்குத் திரும்பும், வட்டம் எதிர்ப்புறமாகச் சுழலும். தாமதத்தை எதைக் கொண்டு உண்டாக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு எல்லாம்.

பழைய வழி படிகம். ஐஸ்லாந்துப் படிகத்துக்குள் (கால்சைட்) பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரிவதை பார்தோலின் 1669இலேயே எழுதிவைத்துவிட்டார். இன்று அலைத்தகடுகளுக்குப் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். அதன் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஒளிவிலகல் எண் வேறுபாடு சுமார் 0.009. ரொம்பச் சின்ன எண். 633 நானோமீட்டருக்குச் சரியாகக் கால் அலை தாமதம் வேண்டுமென்றால் தகட்டின் தடிமன் 17 மைக்ரான் சொச்சம் இருக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லியது, தேய்த்து மெருகேற்றுவதற்குள் உடைந்துவிடும். அதனால் இரண்டு தந்திரங்கள் செய்கிறார்கள். ஒன்று, ஒரு மில்லிமீட்டர் அளவில் தடிமனாகவே விட்டுவிடுவது: அப்போது தாமதம் 14 முழு அலையும் ஒரு காலும் ஆகும், முழு அலைகள் கணக்கில் வராததால் கால் அலைதான் மிஞ்சும். மலிவு. ஆனால் அலைநீளம் ஒரு சதவீதம், அதாவது ஆறு நானோமீட்டர் நகர்ந்தாலே, மொத்தத் தாமதத்தில் 0.14 அலை மாறிவிடும். நமக்கு வேண்டியதே 0.25. பாதிக்கு மேல் போயிற்று. வெப்பநிலை ஏறினாலும், தகடு கொஞ்சம் சாய்ந்தாலும் இதே தொல்லை. இரண்டாவது தந்திரம், இரண்டு தடித்த தகடுகளை அச்சுகள் குறுக்காக இருக்கும்படி ஒட்டி, ஒன்றின் தாமதத்தை மற்றது கழிக்க வைப்பது. இதைச் சுழிவரிசைத் தகடு என்று சொல்லலாம்; ஜீரோ ஆர்டர் என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும். இதில் அதே ஒரு சதவீத மாற்றம் 0.0025 அலையோடு நின்றுவிடுகிறது. விலை கூடுதல்தான், கொடுத்துவிடுங்கள்.

பல நிறங்களுக்கு ஒரே தகடு வேண்டுமா? குவார்ட்ஸையும் மெக்னீசியம் ஃப்ளூரைடையும் சேர்த்த தகடுகள் உண்டு. ஃப்ரெனெல் காட்டிய கண்ணாடிக் கட்டை இன்னும் எளிது: உள்ளே ஒளி இரண்டு முறை முழு அக எதிரொளிப்பு அடையும், ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு பங்கு அலை பின்தங்கும். நிறம் மாறினாலும் பெரிதாக ஏமாற்றாது. ஆனால் கட்டை பெரிது, கற்றை பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எஸ். பஞ்சரத்தினம் 1955இல் எழுதிய வழியும் இருக்கிறது. சாதாரணத் தகடுகள் மூன்றைக் கணக்கிட்ட கோணங்களில் அடுக்கினால், ஒன்றின் நிறப்பிழையை மற்றவை சரிசெய்துகொள்ளும். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும். இயற்கை இதையெல்லாம் நமக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டது என்பது வேறு கதை: மாண்டிஸ் இறால் எனப்படும் கடல் உயிரியின் கண்ணில் உள்ள ஒருவகைச் செல்கள், கண்ணுறு ஒளி முழுவதற்கும் ஏறக்குறைய கால் அலைத்தகடாகவே வேலை செய்கின்றன என்று 2009இல் கண்டார்கள்.

இனி மெட்டாசர்ஃபேஸ். கண்ணாடித் தகட்டின் மேல் காடு மாதிரி நுண்தூண்கள். ஒவ்வொன்றும் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் நிற்கும். தூணின் குறுக்குவெட்டு சதுரமாக இல்லாமல் செவ்வகமாக இருந்தால், நீளப்பக்கமாக அதிரும் ஒளி மெதுவாகவும் அகலப்பக்கமாக அதிரும் ஒளி வேகமாகவும் போகும். படிகத்தில் அணுக்களின் அடுக்கு செய்ததை இங்கே வடிவமே செய்கிறது. எவ்வளவு வலுவாக என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2016இல் ஹார்வர்டில் கபாஸோ குழு செய்துகாட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு வில்லையில் (லென்ஸில்) தூண்களின் உயரம் 600 நானோமீட்டர். 532 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு அரை அலை என்றால் 266 நானோமீட்டர் பாதை வேறுபாடு. அதைத் தூணின் உயரத்தால் வகுத்தால், ஒளிவிலகல் எண் வேறுபாடு 0.44 வருகிறது. குவார்ட்ஸின் 0.009க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு. கால்சைட்டுக்குக்கூட 0.17தான்.

ஆனால் மெல்லியதாக இருப்பது ஒரு காரணம் ஆகாது. ஆய்வக மேசையில் தகடு அரை மைக்ரானா, இரண்டு மில்லிமீட்டரா என்று யாருக்குக் கவலை? விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான், வாங்குகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியதும் இதைத்தான். மெட்டாசர்ஃபேஸின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் வேறு வேறு அளவில், வேறு வேறு கோணத்தில் நிற்கலாம். ஒவ்வொரு தூணும் தனி அலைத்தகடு. நம் கையில் இரண்டு திருகு இருக்கிறது. தூணின் இரு பக்க நீளங்கள் ஒன்று, அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற கோணம் மற்றொன்று.

கோணம் தரும் பலன்தான் எனக்கு எப்போதும் வியப்பு. அரை அலைத்தகடாக வேலை செய்யும் ஒரு தூணின் வழியே வட்டத் தளவிளைவு ஒளி போனால் சுழலும் திசை மாறிவிடும், அது தெரிந்ததே. கூடவே, தூணைத் திருப்பிய கோணத்தைப் போல இரண்டு மடங்கு கட்டமும் (அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது; ஆங்கிலத்தில் ஃபேஸ்) ஏறிக்கொள்ளும். தூணை அரைச் சுற்று திருப்பினால் கட்டம் முழுச் சுற்று ஆகிவிடுகிறது. எல்லாத் தூண்களும் ஒரே அளவாக இருந்தாலே போதும், திருப்பி நிறுத்தியே வில்லை செய்யலாம், ஒளியைத் திசை திசையாகப் பிரிக்கும் கிரேட்டிங் செய்யலாம். இதற்கு வடிவியல் கட்டம் என்று பெயர். பஞ்சரத்தினம்-பெர்ரி கட்டம் என்றும் சொல்வார்கள். முன்பு சொன்ன அதே பஞ்சரத்தினம்தான். சர் சி.வி. ராமனின் தங்கை மகன். 1956இல், இருபத்திரண்டு வயதில், தளவிளைவு நிலைகள் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தாலும் ஒரு கட்டம் மிஞ்சி நிற்கும், அதன் அளவு பாயின்கரே கோளத்தில் (எல்லாத் தளவிளைவு நிலைகளையும் புள்ளிகளாகக் காட்டும் கற்பனைக் கோளம்) அந்தச் சுற்று அடைக்கும் திண்மக் கோணத்தில் பாதி என்று எழுதினார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் பொதுவாக நிறுவியது இதன் விரிவு என்பதை, 1986இல் ராமசேஷனும் நித்யானந்தாவும் சுட்டிக்காட்டினார்கள். அதைப் பார்க்கப் பஞ்சரத்தினம் இல்லை. 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில் இறந்துபோனார். கருத்தை நுண் வரிகளாகச் செதுக்கித் தகடாக்கியது இஸ்ரேலின் டெக்னியானில் ஹாஸ்மன் குழு. 2002 வாக்கில், கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளிக்கு.

வடிவியல் கட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இடஞ்சுழி ஒளிக்கு என்ன கட்டம் தருகிறதோ, வலஞ்சுழிக்கு அதன் எதிர்க்குறியைத்தான் தரும். ஒன்றைக் குவிக்கும் வில்லை மற்றதை விரித்துவிடும். கோணத்தோடு தூணின் அளவையும் மாற்றினால் இந்தக் கட்டு அவிழும். 2015இல் கால்டெக்கில் ஃபரயோன் குழு நீள்வட்டச் சிலிக்கான் தூண்களால் கட்டத்தையும் தளவிளைவையும் சேர்த்தே கட்டுப்படுத்திக் காட்டியது. 915 நானோமீட்டரில், 72 முதல் 97 சதவீதம் வரை திறனோடு. 2017இல் ஹார்வர்ட் குழு, ஒன்றுக்கொன்று செங்குத்தான எந்த இரு தளவிளைவு நிலைகளுக்கும், நீள்வட்டமாக இருந்தாலும், தனித்தனிக் கட்ட வடிவம் கொடுக்கலாம் என்று காட்டியது. இடஞ்சுழி விழுந்தால் ஒரு படம், வலஞ்சுழி விழுந்தால் வேறு படம், தகடு ஒன்றே. குவார்ட்ஸைக் கொண்டு இதைச் செய்யவே முடியாது.

தங்கத்தில் செய்த மெட்டாசர்ஃபேஸ்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 2011இல் எல்லோருடைய கண்ணையும் இந்தத் துறை பக்கம் திருப்பியது ஹார்வர்டின் வி வடிவத் தங்க ஆன்டெனாக்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மிக மெல்லிய ஒற்றைத் தங்க அடுக்கு, உள்ளே வரும் ஒளியில் கால் பங்குக்கு மேல் அதற்குச் செங்குத்தான தளவிளைவாக மாற்றிக் கடத்த முடியாது. போதாததற்கு உலோகம் ஒளியை விழுங்கும். எதிரொளிப்பில் வேலை செய்யும் வடிவங்களுக்குத் தங்கம் இன்னும் சரி. ஒளி ஊடுருவிப் போக வேண்டிய இடத்தில் 2011 கட்டுரையைப் பார்த்துத் தங்கம் ஆவியாக்கப் போகாதீர்கள். கண்ணுறு ஒளிக்கு டைட்டானியம் டை ஆக்சைடோ காலியம் நைட்ரைடோ, அகச்சிவப்புக்கு சிலிக்கான்.

இடத்துக்கு இடம் மாற்றம் வேண்டுமென்றால் உடனே மெட்டாசர்ஃபேஸ்தானா? அங்கேயும் போட்டியாளர்கள் இருக்கிறார்கள். இதைத்தான் கட்டுரைகளில் மட்டும் மூழ்கியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆரத் திசையில் தளவிளைவு கொண்ட, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரியான கற்றை வேண்டுமா? நேப்பிள்ஸில் மாருச்சி குழு 2006இல் திரவப் படிகத்தைக் கொண்டு, இடத்துக்கு இடம் அச்சு திரும்பும் கியூ-தகடு செய்தது. ஒளியால் திசை காட்டி, திரவப் படிகத்தைப் பூசி, கெட்டிப்படுத்திவிடலாம். தூண்களைச் செதுக்கும் வேலையே இல்லை. வடிவியல் கட்டம் மட்டும் போதும், சில மைக்ரானுக்கு ஒருமுறை திசை மாறினால் போதும் என்றால் திரவப் படிகம்தான் என் தேர்வு. கற்றை உயர்சக்தி லேசர் என்றால் வேறு வழி: சவுத்தாம்டனில் கசான்ஸ்கி குழு, சிலிக்கா கண்ணாடிக்குள்ளேயே ஃபெம்டோ நொடி (மிக மிகக் குறுகிய துடிப்பு) லேசரால் நுண் வரிகள் எழுதும் முறையை 2011இல் காட்டியது. கண்ணாடிக்குள் எழுதியது என்பதால் எளிதில் கருகாது, துடைக்கலாம், கழுவலாம். மெட்டாசர்ஃபேஸுக்கு மிஞ்சுவது, அலைநீளத்துக்கும் குறைந்த நுணுக்கத்தில் திசை மாற வேண்டிய இடம், இரண்டு நிலைகளுக்கும் தனித்தனி வேலை வேண்டிய இடம், இரண்டு மூன்று உறுப்புகளை ஒன்றாக்கிச் சில்லுக்குள் அடைக்க வேண்டிய இடம். இது சின்னப் பட்டியல்தான், ஆனால் அந்தப் பட்டியலுக்குள் அதற்கு எதிரியே இல்லை.

நேரத்தோடு மாற வேண்டும் என்றால் கதையே வேறு. செதுக்கிய தூண் செதுக்கியபடியேதான் நிற்கும். மில்லிநொடி போதுமென்றால் திரவப் படிகத் தாமதிப்பான். சீராக 50 கிலோஹெர்ட்ஸில் அலைய வேண்டுமென்றால் அதிரும் கண்ணாடியால் தாமதத்தை மாற்றும் ஒளிமீட்சிப் பண்பேற்றி. நானோநொடி வேண்டுமென்றால் கிலோவோல்ட் கொடுத்து, மின்னழுத்தத்தால் தாமதம் மாறும் படிகமான பாக்கெல்ஸ் செல். மாற்றத்தக்க மெட்டாசர்ஃபேஸ் ஆய்வுத் தலைப்பாக அருமை. கருவியாக நம்பி இறங்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

மெட்டாசர்ஃபேஸ் தன் பலத்தைச் சரியாகக் காட்டும் இடம் கேமரா. ஒரு காட்சியின் தளவிளைவை முழுதாகச் சொல்ல நான்கு எண்கள் வேண்டும். பழைய முறையில் கால் அலைத்தகட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பல படம் எடுத்துக் கணக்கிடுவோம். அசையாத பொருளுக்கு இதைவிடத் துல்லியமான வழி தேட வேண்டியதில்லை. பொருள் அசைந்தால் கெட்டது. அடுத்தது சோனி 2018இல் சந்தைக்குக் கொண்டுவந்த வகை உணரி: ஒவ்வொரு பிக்சலின் மேலும் நுண்கம்பி வலை, 0, 45, 90, 135 பாகை என்று நான்கு திசைகளில். ஒரே சொடுக்கில் படம் கிடைக்கும். கண்ணாடியில் அழுத்தம் தேங்கிய இடம், கறுப்புப் பரப்பில் கீறல், நீர்ப்பரப்பின் பளபளப்பு என்று தொழிற்சாலைத் தேவைகளில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும். ஆனால் தளவிளைவில்லாத ஒளியில் பாதியைக் கம்பிகள் தடுத்துவிடும். வட்டத் தளவிளைவு இதற்குத் தெரியவே தெரியாது.

2019இல் ரூபினும் ஹார்வர்ட் குழுவினரும் செய்தது மூன்றாவது வழி. ஒரே மெட்டாசர்ஃபேஸ் கிரேட்டிங், வரும் ஒளியை நான்கு திசைகளில் பிரிக்கும். ஒவ்வொரு திசையும் ஒரு குறிப்பிட்ட தளவிளைவை ஆராயும் ஆய்வி மாதிரி வேலை செய்யும். நான்கு படங்களும் ஒரே உணரியில் பக்கம் பக்கமாக விழும். வட்டத் தளவிளைவும் உட்பட நான்கு எண்களும் ஒரே சொடுக்கில் வந்துவிடும். சுழலும் பாகம் கிடையாது, உணரி சாதாரண உணரி. குறைகளும் உண்டு. உணரியின் பரப்பை நான்கு படங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். கிரேட்டிங் என்பதால் நிறங்கள் பிரிந்து படம் இழுபடும், ஆகவே குறுகிய அலைநீளப் பட்டையில்தான் படம் தெளிவு. வெயிலில் எல்லா நிறங்களுக்கும் வேண்டும் என்றால் இது ஆகாது. ஒற்றை நிற ஒளியை நாமே பாய்ச்சும் இடத்தில், இடம் நெருக்கடியான கருவிக்குள், இதற்கு இணையில்லை. முக அடையாளத்துக்குத் தளவிளைவுப் படத்தைப் பயன்படுத்த ஹார்வர்டிலிருந்து பிறந்த மெட்டாலென்ஸ் நிறுவனம் முனைவதும் இப்படிப்பட்ட இடத்தில்தான்: போனுக்குள், சொந்த அகச்சிவப்பு விளக்கோடு.

செய்யும் செலவுக்கு வருவோம். தூண்கள் 400 நானோமீட்டர் இடைவெளியில் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டரில் 62 கோடியே 50 லட்சம் தூண்கள். எலக்ட்ரான் கற்றையால் இவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அதனால்தான் ஆய்வுக் கட்டுரைகளில் பல மாதிரிகள் மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. பெரிய எண்ணிக்கையில் என்றால் சில்லு ஆலைகளின் புற ஊதா லித்தோகிராஃபி (முழு வடிவத்தையும் ஒளியால் ஒரேயடியாக அச்சிடும் முறை) இருக்கிறது. லட்சக்கணக்கில் செய்தால் ஒன்றின் விலை சில்லு விலைக்கு இறங்கும். இடைப்பட்டவர்களுக்குத்தான் திண்டாட்டம். நூறு தகடு வேண்டும் என்கிறவருக்கு எலக்ட்ரான் கற்றை தாமதம், ஆலை கட்டுப்படியாகாது. நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வழி: பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐஐடி பம்பாய், ஐஐடி சென்னை உள்ளிட்ட நானோ மையங்களை வெளியாரும் பயன்படுத்த மத்திய அரசின் ஐஎன்யூபி (INUP, நானோ மின்னணுவியல் பயனர் திட்டம்) இடம் கொடுக்கிறது. விண்ணப்பம், வரிசை, பயிற்சி என்று நாளாகும். அப்புறம் ஒன்று, கையாளும் விதம். எங்கள் மேசையில் ஒருமுறை, நல்லெண்ணத்தோடு ஒருவர் லென்ஸ் துடைக்கும் தாளை எடுத்து மெட்டாசர்ஃபேஸைப் பளிச்சென்று துடைத்து வைத்தார். தூண்கள் துடைத்துக்கொண்டு போயின. மூன்று வார வேலை.

வடிவமைக்கிறவர்கள் ஓர் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நேராக நிற்கும் ஒற்றை அடுக்குத் தூண்கள், எவ்வளவு திருப்பினாலும், நேர்கோட்டு அலைத்தகடுகளாகத்தான் இருக்கும். சர்க்கரைக் கரைசல் செய்வது போல, எந்தத் திசையில் வரும் அதிர்வையும் ஒரே கோணம் திருப்புகிற வேலை ஒற்றை அடுக்கில் வராது. இரண்டாவது அடுக்கு வேண்டும், இரண்டையும் நானோமீட்டர் கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். அந்த வேலைக்குத்தான் என்றால் இரண்டு அரை அலைத்தகடுகளை அடுத்தடுத்து வையுங்கள். அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தின் இரு மடங்கு அளவுக்கு அதிர்வுத் திசை திரும்பும். தீர்ந்தது.

அந்த மாணவி சுழிவரிசைக் கால் அலைத்தகடு ஒன்று வாங்கினார். வந்ததும் நான் செய்யச் சொன்ன முதல் வேலை, சட்டத்தில் போட்டிருக்கும் அச்சுக் குறியை நம்பாமல், குறுக்காக வைத்த இரண்டு போலரைசர்களுக்கு (ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டிகள்) நடுவே தகட்டைச் சுழற்றி, ஒளி முற்றிலும் அணையும் கோணத்தைத் தானே குறித்துக்கொள்வது. குறி மூன்று பாகை தள்ளியிருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை மாதிரிப் பொருள் கண்ணெதிரே அசைந்துகொண்டிருந்தது, வட்டத் தளவிளைவையும் சேர்த்து ஒரே சொடுக்கில் அளக்க வேண்டும், ஒளி 532 நானோமீட்டர் ஒன்றே. இப்போது நானோ மையத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.